செட்டுக்காரன் போட்ட வேலி

மலைப் பக்கத்து நிலத்துக்காரர் பர்சலோய் வேலிக்குக் குழி தோண்ட ஆரம்பித்த அன்றே என் வீட்டுக்காரர் சாகுடாவிடம் சொல்லிவிட்டேன், கம்பி இழுப்பதற்குள் போய்க் கேட்டுவிடுங்கள் என்று. அன்றைக்கு அவருக்கு முட்டி வலித்தது. மறுநாள் ஓர் ஆட்டுக்கு வயிறு உப்பிக்கொண்டது. அதற்கப்புறம் யாரோ தூரத்துச் சொந்தம் செத்துப்போனார்கள், போகாமல் இருக்க முடியாதாம். கடைசியில் சிவப்புப் போர்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கைத்தடியோடு அவர் கிளம்பியபோது வேலி முழுசாக நின்றுவிட்டது. கம்பிமேல் காக்கா உட்கார்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

கேட்க வேண்டியது பெரிய வரம் ஒன்றுமில்லை. மாடு நுழைகிற அளவுக்கு ஒரு வழி. வருஷத்துக்கு இரண்டு தடவைதான், மலைக்குப் போக ஒன்று, திரும்பி வர ஒன்று.

லொய்தா சமவெளி எங்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தவரை வழி என்று தனியாக ஒன்றைக் கேட்டதே கிடையாது. மாடு போகிற பக்கமெல்லாம் வழிதான். பிறகு சர்வேயர் வந்தார், கல் நட்டார், ஆளுக்கொரு பட்டா கையில் கொடுத்தார்கள். அன்றைக்கு எல்லோரும் ஆடினோம், நானும் ஆடினேன், இல்லையென்று சொல்லமாட்டேன். எங்களுக்குத் தாழ்வான பக்கம் ஒரு துண்டு விழுந்தது. பர்சலோய்க்கு மலைக்குப் போகிற வாய் விழுந்தது. அவர் கேட்டு வாங்கவில்லை, சீட்டு அப்படி.

சிறுமழை பெய்து புல் துளிர்த்ததும் காட்டுமாடுகள் எங்கள் பக்கம் குட்டி போட வரும். வில்டபீஸ்ட் என்று வேன்காரர்கள் வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அந்தத் தாடி வைத்த மூதேவிகள்தான். இருக்கிறதில் நல்ல புல்லாகப் பார்த்துத்தான் ஈனும். ஈன்ற இடத்தில் எங்கள் மாடு வாய் வைத்தால் போச்சு. முதலில் மூக்கு ஒழுகும். அப்புறம் கண்ணின் ஓரத்திலிருந்து வெள்ளை படர்ந்து குருடாகும். நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி விழும். அதற்கு வைத்தியம் ஒன்றே ஒன்றுதான், அவை வருவதற்குள் நாம் மாட்டை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுவது. அதனால் எங்களுக்குள் சண்டை இருந்ததில்லை. அவை வந்தால் நாங்கள் மேலே, அவை போனால் நாங்கள் கீழே. பேசிக்கொள்ளாத இரண்டு சக்களத்திகள் ஒரே முற்றத்தைப் பங்கு போட்டுக்கொள்கிற மாதிரி காலம் ஓடிக்கொண்டிருந்தது.

எங்களிடம் இருந்த மாடுகள் போன வறட்சி மென்று துப்பிய மிச்சம். அதில் செவலைப் பசு சினையாக இருந்தது. மகன் லெகிஷோன் நைரோபியில் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் காவல் நிற்கிறான், அவன் சம்பளம் அவனுக்கே போதவில்லை. இந்த மிச்சமும் குருடாகி விழுந்தால் எங்கள் பாலும் போய்விடும், நாங்கள் யார் என்பதும் போய்விடும். அதற்காகத்தான் அவரை அனுப்பினேன்.

சாயங்காலம் திரும்பி வந்தார். தூரத்திலேயே சுட்ட கறி வாசம் வந்தது. முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தடியைப் பக்கத்தில் சாய்த்து, போர்வையைச் சரிசெய்து, எதையெல்லாம் செய்து நேரத்தைப் போக்கலாமோ அதையெல்லாம் செய்தார்.

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"நல்லா இருக்கான். சர்க்கரைதான் இன்னும் இறங்கலையாம். கால்ல ரெண்டு விரல எடுத்தாங்கல்ல, அது ஆறிடுச்சு."

"சர்க்கரை கிடக்கட்டும். வழி?"

"எனக்காகக் கிடா அறுத்தான்."

"அறுத்தாரு, தின்னீங்க. வழி என்னாச்சு?"

"கேக்கல."

நான் டீக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றி முடித்துவிட்டுத்தான் திரும்பினேன். கோபத்தில் பாலைக் கீழே கொட்டுகிற வசதி எங்களுக்கு இல்லை.

"காலைலேந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்து என்னதான் பேசினீங்க?"

"கேக்கத்தான் போனேன். போய் உக்காந்ததும் அவனே ஆரம்பிச்சுட்டான். சாகுடா, நீ எதுக்கு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும். நாம ஒரே செட்டு. உங்கிட்ட ஒண்ணு கேக்கறேன், வழியை மட்டும் எங்கிட்ட கேக்காதேன்னான்."

"அதுக்கு?"

"அதுக்கு என்ன, செட்டுக்காரன் கேட்டா எப்படி இல்லைங்கறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வாழ்க்கையில் சில நேரம் அழுவதற்குத் தெம்பு இல்லாமல் சிரிக்கிறோமே, அந்தச் சிரிப்பு. கேட்காதே என்று கேட்ட ஒருத்தன், சரி என்று கொடுத்துவிட்டு வந்த ஒருத்தன். இவர்களை நம்பித்தான் அந்தக் காலத்தில் சிங்கத்தை விரட்ட அனுப்பினார்கள்.

எங்கள் ஆண்களுக்குச் செட்டுதான் எல்லாம். ஒரே வயசில் ஒன்றாகச் சுன்னத்துக் கத்தி பட்டு, ஒன்றாக ஈட்டி பிடித்து, ஒன்றாகத் தலை மழித்து, ஒன்றாகக் கிழவனாகிறவர்கள். ஒருத்தன் இன்னொருத்தனிடம் வாய்விட்டு ஒன்று கேட்டால் இல்லை என்ற சொல்லே கிடையாது. கூடப் பிறந்தவனுக்கு இல்லை என்று சொல்லலாம், பெண்டாட்டிக்குத் தினமும் சொல்லலாம், செட்டுக்காரனுக்குச் சொன்னால் ஊர் காறித் துப்பும். என் வீட்டுக்காரர் இந்த விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே. பர்சலோய் கேட்டு இவர் கொடுத்தவற்றை நான் சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

"பாவம்டி அவன்," என்றார். "கால வச்சுக்கிட்டு மாடு மேய்க்க முடியல. நிலத்தக் குத்தகைக்கு விட்டுட்டான். வெங்காயம் போடற ஆளு பேப்பர்லயே எழுதியிருக்காராம், ஒரு மாடு உள்ள வந்தாலும் குத்தகை ரத்துன்னு. பொண்ணு நர்ஸ் படிப்புக்கு அந்தப் பணத்தத்தான் நம்பியிருக்கா. என்னை என்ன பண்ணச் சொல்ற?"

"ஒண்ணும் பண்ண வேணாம். டீ குடிங்க."

பர்சலோய் கெட்டவர் இல்லை, அது எனக்கும் தெரியும். கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பேன்.

மிச்சம் இருந்தது தார் ரோடு ஒன்றுதான். நரோக் டவுனிலிருந்து மிருகச் சரணாலயத்துக்குப் போகிற ரோடு பர்சலோய் நிலத்தைச் சுற்றிக்கொண்டு, வெகுதூரம் போய், மலையடிவாரத்தைத் தொடும். அங்கிருந்து ஏறினால் என் தம்பி வீடு. ஒரு நாள் நடையை இரண்டு நாளாக்குகிற ரோடு. மறுநாள் விடிந்ததும் மாட்டை அவிழ்த்துவிட்டோம். இவர் முன்னால் சீட்டியடித்துக்கொண்டு, நான் பின்னால் குச்சியோடு. இந்த வேலைக்கெல்லாம் வாலிபப் பிள்ளைகள் இருந்தார்கள் ஒரு காலத்தில். இப்போது எல்லோரும் யார் வீட்டு வாசலிலாவது நிற்கிறார்கள்.

ரோட்டின் இரண்டு பக்கமும் வேலி. இந்தப் பக்கம் கோதுமை, அந்தப் பக்கம் யாரோ ஹோட்டல் கட்டப்போகிறாராம், இப்போதைக்குப் போர்டு மட்டும் இருந்தது. வேலிக்கும் வேலிக்கும் நடுவில் தாரும், தாரின் ஓரத்தில் கொஞ்சம் புழுதியும். மாடுகளுக்குத் தார் பிடிக்கவில்லை. செவலைக்கு வயிறு கனம், நாலடி வைப்பதும் நிற்பதுமாக வந்தது. அதன் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் எனக்கே இடுப்பு விட்டுப்போனது.

ஒரு லாரிக்காரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "ஏம்மா, ரோட்டை உங்கப்பன் உன் பேருக்கு எழுதி வச்சிருக்கானா?"

"ரோட்டைத் தவிர மத்த எல்லாத்தையும் எவன் எவன் பேருக்கோ எழுதி வச்சுட்டாங்கப்பா," என்றேன். "அதான் இங்க வந்து நிக்கறோம்."

அவன் சிரித்துவிட்டு மெதுவாக ஒதுங்கிப் போனான். நல்ல பையன்தான்.

வெயில் ஏறியபோது பர்சலோய் நிலத்தை ஒட்டி வந்துவிட்டோம். புதுக் கம்பம், புதுக் கம்பி, அதற்கு உள்ளே வரிசை வரிசையாக வெங்காய நாற்று. கறுப்புக் குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெங்காயத்துக்கு அப்பால் நேராக மலை, கை நீட்டினால் தொடலாம் போல. இவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. செட்டுக்காரனின் வேலியை முறைத்துப் பார்ப்பதுகூட மரியாதைக் குறைவு என்று நினைத்தாரோ என்னவோ.

எதிரே ஒரு டூரிஸ்ட் வேன் வந்து நின்றது. கூரையைத் திறந்துவிட்டு நாலு வெள்ளைக்காரர்கள் பெரிய பெரிய கேமராவோடு நின்றார்கள். டிரைவர் எங்கள் ஆள்தான், காது வளர்த்தவன்.

"அம்மா, மாட்டைக் கொஞ்சம் ஓரமாப் புடிங்க," என்றான். "போட்டோவுல உங்க மாடு விழுதாம். இவங்களுக்குக் காட்டுமாடு மட்டும் வேணுமாம்."

"காட்டுமாடா? எங்க?"

"எனக்குப் பின்னாலதான். ரோட்டுலயே வருது. வேற எங்க போகும், ரெண்டு பக்கமும்தான் கட்டிட்டாங்களே. பாதி வழியிலயே குட்டி போட ஆரம்பிச்சிடுச்சுங்க, பாவம்."

என் வீட்டுக்காரர் சீட்டியை நிறுத்தினார். ரோடு வளைகிற இடத்தில் புழுதி எழும்பியிருந்தது. அதிலிருந்து முதலில் தலைகள் வந்தன, பிறகு தாடிகள், பிறகு கால்களுக்கு நடுவில் தள்ளாடித் தள்ளாடி வருகிற குட்டிகள். ஒன்று ரோட்டோரத்திலேயே படுத்து ஈன்றுகொண்டிருந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்து அடித்து அந்தக் கூட்டத்தை எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டே வந்தது.

காலமெல்லாம் விலகி விலகிப் போனவர்கள் நாங்கள். இப்போது விலக இடமில்லை. அவைகளுக்கும் இல்லை. அவை வர வேண்டிய நேரத்தில் வர வேண்டிய இடத்துக்குத்தான் வருகின்றன, நாங்களும் போக வேண்டிய நேரத்தில் போக வேண்டிய இடத்துக்குத்தான் போகிறோம். நடுவில் எவனோ ரோட்டை மட்டும் விட்டுவைத்திருக்கிறான். எனக்கு முதல்முறையாக அந்த மூதேவிகள்மேல் பரிதாபமாக இருந்தது, அந்தப் பரிதாபத்துக்கு அப்போது நேரமில்லை.

திரும்பிப் போகலாம் என்றால் பின்னாலும் லாரிகள் வரிசை கட்டி நின்றன. செவலை மூக்கைத் தூக்கி மோந்துகொண்டிருந்தது.

"லெகிஷோன் அப்பா," என்றேன். "கம்பியை வெட்டுங்க."

அவர் இடுப்பில் வாள் இருந்தது. எங்கள் ஆண்கள் எப்போதும் கட்டியிருக்கிற குட்டை வாள். அவர் கை அதன்மேல் போகவில்லை.

"அது பர்சலோயோடது," என்றார்.

"தெரியும்."

"அவன் எங்கிட்ட கேட்டிருக்கான்."

"வழி கேக்காதேன்னுதான் கேட்டாரு. கேக்க வேணாம். வெட்டுங்க."

"என்னால முடியாதுடி." பொய்யில்லை, அவரால் முடியாது. தன் கையைத் தானே வெட்டிக்கொள் என்றால்கூட ஒருவேளை செய்திருப்பார்.

ஆனால் பர்சலோய் எனக்குச் செட்டு இல்லையே. நான் அவரோடு கத்தியும் படவில்லை, ஈட்டியும் பிடிக்கவில்லை. எனக்கு என் மாடு, அவ்வளவுதான். கிட்டே போய் இவர் இடுப்பு உறையிலிருந்து வாளை உருவினேன். ஆம்பளை வாளைப் பொம்பளை தொடக் கூடாது. தொட்டேன். அவர் தடுக்கவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார், பார்க்காவிட்டால் நடக்கவில்லை என்று ஆகிவிடும்போல.

கம்பத்தோடு சேர்த்து வைத்து அடித்தேன். முதல் அடியில் கம்பி அறுபடவில்லை, கை மணிக்கட்டுவரை அதிர்ந்தது. வாளின் விளிம்பில் பல் விழுந்தது. மேல் கம்பி போனதும் கீழ்க் கம்பிகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். கடைசியில் கம்பமே சாய்ந்துவிட்டது, புது மண்தானே. வாளை இவர் உறையிலேயே திரும்பச் செருகிவிட்டு, செவலையின் பின்புறத்தில் ஓங்கி ஒன்று வைத்தேன். அது உள்ளே பாய்ந்தது, மற்றவை பின்னாலேயே போயின. வெங்காய நாற்றெல்லாம் குளம்பில் நசுங்கி வாசம் எழும்பியது. குழாய் பிய்ந்து தண்ணீர் பீய்ச்சியது. நாங்கள் நிற்கவில்லை, வேலியில்லாத மலைப் பக்கம் பார்த்து ஓட்டினோம். இந்த வயதில் நான் ஓடியது அன்றைக்குத்தான்.

நடுவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். எனக்கு வழி என்றால் அவைகளுக்கும் வழிதானே. காட்டுமாடுகள் குட்டிகளோடு வெங்காயத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. ஹாரன் சத்தம் நின்றிருந்தது. வேனிலிருந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஓர் இரவு தங்கி, நாங்கள் கீழே இறங்கினோம். வீட்டுக்கு வந்தபோது முள்பட்டி வாசலில் ஜீப் ஒன்று நின்றது. பக்கத்தில் பர்சலோய் தடியை ஊன்றிக்கொண்டு, நல்ல காலில் பாரத்தைப் போட்டு நின்றிருந்தார். கூட வெங்காயக்காரர். நைரோபி ஆள், சட்டையை உள்ளே விட்டு, கையில் போனோடு.

"யாரு வெட்டினது?" என்றார் வெங்காயக்காரர். "அதை மட்டும் சொல்லுங்க. ரோட்டுல நின்ன லாரிக்காரங்க ஒரு பொம்பளைன்னு சொல்றாங்க. ஸ்டேஷன்ல சொல்லி வச்சிருக்கேன்."

"பெரிய வெங்காயம்," என்றேன், எனக்குள்தான். அவர் காதில் விழுந்திருந்தாலும் அதுதானே உண்மை.

பர்சலோய் அவர் தோளில் கை வைத்தார். "சார், கொஞ்சம் பொறுங்க. எங்க வழக்கம் ஒண்ணு இருக்கு. என் செட்டுக்காரன் வெட்டியிருந்தா அது எங்களுக்குள்ள. பெரியவங்க உக்காந்து பேசுவாங்க, உங்க நஷ்டத்துக்கு நான் பொறுப்பு, போலீஸ் வேணாம். வேற யாராவது வெட்டியிருந்தா எனக்கும் அவங்களுக்கும் ஒண்ணும் கிடையாது. ஸ்டேஷனுக்கே கூட்டிட்டுப் போங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எப்போதும் என்னைப் பார்த்தால், என்னையே "என் வீட்டுக்காரி எப்படி இருக்கா" என்று கேலி பேசுகிறவர், செட்டுக்காரன் பெண்டாட்டியிடம் அந்த உரிமை உண்டு. அன்றைக்குக் கேலி இல்லை.

நான் வாயைத் திறந்தேன். ஸ்டேஷன் என்றால் ஸ்டேஷன், என்னை என்ன தின்றுவிடுவார்களா என்று இருந்தது. அதற்குள் இவர் முன்னால் போய்விட்டார்.

"நான்தான் வெட்டினேன்," என்றார். வாளை உருவி, பல் விழுந்த பக்கம் மேலே தெரிகிற மாதிரி பர்சலோய் காலடியில் வைத்தார்.

யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷன், முதல்முறையாகச் செட்டுக்காரன் முகத்துக்கு நேராக ஒன்றைச் சொன்னார், அதுவும் பொய். பர்சலோய் குனிய முடியாமல் குனிந்து வாளை எடுத்துப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். "சரி," என்றார். ஜீப் போய்விட்டது.

பெரியவர்கள் கூடினார்கள். ஒரு கிடாரி அபராதம், அது போகட்டும், கொடுத்தோம். வெங்காயக்காரர் நஷ்டத்தைப் பர்சலோய் ஏற்றுக்கொண்டதால் குத்தகையும் ரத்தாகாமல் தப்பியது. மற்றது பெரியவர்கள் வாயால் சொன்னதில்லை, தானாக நடந்தது. செட்டுக்காரன் வேலியைச் செட்டுக்காரனே வெட்டினான் என்றால் அந்த ஆள் பக்கத்தில் யார் உட்கார்வார்கள்? எங்காவது கிடா அறுத்தால் இவருக்கு ஆள் வராது. மரத்தடியில் இவர் போய் உட்கார்ந்தால் பேச்சு நிற்கும், ஒவ்வொருத்தருக்கும் ஏதோ வேலை ஞாபகம் வரும். இவரும் போவதை நிறுத்திவிட்டார். பட்டி ஓரத்தில் தனியாக உட்கார்ந்து, தனியாகக் களி தின்று, தனியாகப் பால் குடித்தார். எங்கள் ஆண்கள் தனியாகக் குடித்து வளர்ந்தவர்கள் இல்லை. பக்கத்தில் ஒருத்தனுக்குக் கொடுக்காமல் அவர்களுக்குத் தொண்டையில் இறங்காது. அவர் கஷ்டப்பட்டு அதை இறக்குவதை நான் தினமும் பார்த்தேன். அதைப் பார்ப்பது எனக்கு ரோட்டில் நடந்ததைவிட அலுப்பாக இருந்தது.

"நான் போய் உண்மையச் சொல்லிடறேன்," என்று ஒருநாள் சொன்னேன்.

"சொல்லு. ஸ்டேஷன்ல களி நல்லா இருக்காதாம்."

"வெங்காயக்காரரு மறந்திருப்பாரு."

"மறக்க மாட்டாரு. சும்மா இரு."

பெருமழை தொடங்கி, குட்டிகளுக்குக் கால் பலப்பட்டு, காட்டுமாடுகள் கிளம்பிப் போயின. புல்லை மழை கழுவட்டும் என்று காத்திருந்து, நான் மட்டும் போய்த் தம்பி மகனோடு மாட்டை ரோடு வழியாகவே இறக்கிக்கொண்டு வந்தேன். ஒன்றுகூடக் கண் வெளுக்கவில்லை. செவலை கன்றோடு வந்தது. பட்டி வாசலில் இவர் ஒவ்வொரு மாட்டின் முகத்தையும் பிடித்துத் திருப்பிக் கண்ணைப் பார்த்தார். கடைசி மாட்டையும் பார்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழையென்று சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் தண்ணீர்த் தொட்டியில் கேன் நிரப்பிக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிள் ஒன்றின் பின்னால் உட்கார்ந்து பர்சலோய் வந்து இறங்கினார். மெலிந்திருந்தார். ஓட்டி வந்தவனை அனுப்பிவிட்டு, தொட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"செவலை கன்னு போட்டுச்சாமே," என்றார்.

"போட்டுச்சு. கிடாரி."

"நல்லது."

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் என்னை ஸ்டேஷனுக்கு அனுப்பினாலும் அனுப்பட்டும்.

"கம்பிய வெட்டினது நான்," என்றேன். "அவரு இல்ல. அவரு திரும்பிக்கூடப் பாக்கல."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"சாகுடா ஓங்கினா ஒரே வெட்டு. சின்ன வயசுலேந்து பாக்கறேன். அந்தக் கம்பத்துல கோழி கொத்தின மாதிரி இருந்துச்சு. அன்னிக்கு வாள எடுத்துப் பாத்தேன்ல, அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா அவர ஒதுக்கி வச்சிருக்கீங்க? நாலு மாசமா அந்த மனுஷன் நாய்க்குட்டி மாதிரி தனியா உக்காந்து தின்னுட்டு இருக்காரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் வருவாங்களே. செட்டு செட்டுன்னு உயிர விட்டாரு உங்களுக்கு."

அவர் கோபப்படவில்லை. தடியால் ஈரமண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குச் சாயங்காலமே என் வீட்டுக்கு வந்தான்," என்றார். "உக்காரல. வாசல்லயே நின்னான். பர்சலோய், உங்கிட்ட ஒண்ணு கேக்கறேன், நான்தான் வெட்டினேன்னு நீ நம்பணும், ஊரும் நம்பற மாதிரி நீ நடந்துக்கணும், வெங்காயக்காரன் இங்க இருக்கற வரைக்கும் அப்படியே இருக்கணும்னான். நீ எங்கூடச் சிரிச்சுப் பேசினா அவனுக்குச் சந்தேகம் வந்துடும், அவள இழுத்துட்டுப் போயிடுவான்னான்." அவர் என்னைப் பார்த்தார். "செட்டுக்காரன் கேட்டா நான் எப்படி இல்லைங்கறது?"

கேன் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் குழாயை மூடவில்லை, அவர்தான் எட்டி மூடினார்.

"குத்தகை எத்தனை வருஷம்?" என்றேன்.

"பதினஞ்சு."

பர்சலோய்க்குச் சர்க்கரை. இவருக்கு முட்டி. பதினைந்து வருஷம் இரண்டு பேரில் யாருக்கு இருக்கிறது? எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது, வீட்டில் உட்கார்ந்திருக்கிற இவர்மேலும் வந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைக் காப்பாற்றி வைத்துவிட்டு, ஒருவரையொருவர் தொலைத்துவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஸ்டேஷனுக்குப் போயிருப்பேன், களி எப்படி இருந்தால் என்ன.

"அவன் எப்படி இருக்கான்?" என்றார் பர்சலோய்.

"போய்ப் பாருங்க," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். எங்கள் வீடு இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை. நான் கேனை முதுகில் ஏற்றி, பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இவர் பட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தொட்டியில் யாரைப் பார்த்தாய் என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன்.